கேம் கன்ட்ரோலரில் பிளஸ் பட்டன் வந்தது எப்படி? யார் இந்த குன்பெய் யோகோய்?

விழுப்புரம் நேருஜி சாலையிலோ, திண்டிவனம் நேரு வீதியிலோ ஒரு மொபைல், கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைக்குப் போய் கேம் கன்ட்ரோலர் கேட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய் மாடலும் வரும், சில ஆயிரம் ரூபாய் மாடலும் வரும். கம்பெனி வேற, கலர் வேற. ஆனால் பெரும்பாலானவற்றில் இடது கைக் கட்டைவிரல் படும் இடத்தில், மேல் - கீழ் - இடம் - வலம் போக ஒரு பட்டன் இருக்கும். அது பெரும்பாலும் பிளஸ் குறி வடிவில்தான் இருக்கும்.

90களில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த பட்டன் இன்னும் நெருக்கம். டிவியோடு சொருகி, கேசட் போட்டு, மரியோவும் கான்ட்ராவும் விளையாடிய பெட்டியிலும் இதே பிளஸ்தான் இருந்தது. அந்தப் பெட்டிகளில் பல, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983ல் கொண்டுவந்த ஃபேமிகாம் கருவியின் அனுமதியில்லாத நகல்கள்.

இந்த பட்டனுக்குப் பின்னால் இருந்தவர் குன்பெய் யோகோய். 1997ல் இறந்துபோன ஜப்பானிய இன்ஜினியர். கேம் கன்ட்ரோலர், கேம் துப்பாக்கி, கையடக்க வீடியோ கேம் என இன்று பெரிய தொழிலாக நிற்கும் பல பொருட்களுக்கு ஆரம்ப வடிவம் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்தது பொருட்களை வடிவமைக்க இல்ல, மெஷின்களைப் பராமரிக்க. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

சீட்டுக்கட்டு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை

யோகோய் பிறந்தது 1941 செப்டம்பர் 10ம் தேதி, கியோட்டோ நகரில். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் 1965ல் உள்ளூரிலேயே இருந்த நிண்டெண்டோவில் சேர்ந்தார்.

அப்போது நிண்டெண்டோ வீடியோ கேம் கம்பெனி கிடையாது. 1889ல் ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவர் கியோட்டோவில் தொடங்கிய சீட்டுக்கட்டு கம்பெனி அது. பூக்களின் படம் போட்ட ஹனஃபுடா எனும் ஜப்பானிய சீட்டுகள்தான் அதன் பழைய தொழில். சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. யோகோய்க்குக் கிடைத்தது அந்த வேலைதான்.

இந்த இடம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். ரெண்டு ஊரிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கு. அங்கே எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் பலருக்கும், படிச்ச படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் இல்லையே என்ற குறை இருக்கும். யோகோயின் முதல் வருஷமும் அப்படித்தான் போனது.

மெஷின் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும் நேரத்தில் தொழிற்சாலைக் கருவிகளை வைத்துத் தனக்காக ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கடை வாசலில் இழுத்து மூடும் மடக்கு கேட் இருக்கிறதல்லவா, அதே குறுக்குச் சட்ட அமைப்பு. கைப்பிடியை அழுத்தினால் எதிர்முனை நீண்டுபோய் ஒரு பொருளைக் கவ்வும். விட்டால் சுருங்கிவிடும்.

கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது இது அவர் கண்ணில் பட்டது. தலைவரின் அறைக்கு அழைப்பு வந்ததும், வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழப்போகிறது என்றுதான் யோகோய் நினைத்தார். ஆனால் அதை விற்பனைக்குத் தயார் செய்யச் சொன்னார் யமவுச்சி. 1966ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் கடைக்கு வந்த அந்த நீளும் கை, 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. மெயின்டனன்ஸ் ஆள், பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

பழைய பாகம், புது உபயோகம்

யோகோயின் வழி ரொம்ப எளிமையானது. சந்தைக்கு அப்போதுதான் வந்த, விலை அதிகமான தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடக்கூடாது. எல்லோரும் பயன்படுத்திப் பழகி, விலை இறங்கி, குறைகள் எல்லாம் தெரிந்துபோன பாகத்தை எடுக்க வேண்டும். அதை யாரும் யோசிக்காத இடத்தில் பொருத்த வேண்டும். அவ்வளவுதான்.

1969ல் வந்த லவ் டெஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். ரெண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மறு கையில் கருவியின் உலோக முனையைப் பிடிக்க வேண்டும். முள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு காதல். உள்ளே இருப்பது சாதாரண மின்னோட்ட மீட்டர்தான். வேர்த்த கையில் மின்சாரம் சுலபமாகப் போகும். பதற்றத்தில் கை வேர்க்கும், முள் மேலே ஏறும். அறிவியல் ஒன்றும் புதுசில்லை, உபயோகம்தான் புதுசு.

70களின் தொடக்கத்தில் வந்த ரிமோட் கார் இன்னொரு உதாரணம். அப்போது ரிமோட் கார் விலை அதிகம். ஒவ்வொரு கட்டளைக்கும் தனி ரேடியோ சேனல் வேண்டும் என்பதுதான் காரணம். யோகோய் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, இடது பக்கம் மட்டுமே திரும்பும் கார் ஒன்றைச் செய்தார். வட்டப் பாதையில் பந்தயம் விட இடது பக்கம் திரும்பினாலே போதுமே. விலை இறங்கியது.

1970ல் ஒளித் துப்பாக்கி பொம்மை வந்தது. ஷார்ப் நிறுவனத்தின் சூரிய மின்கலங்களை விற்க வந்தவர் மசாயுகி உயெமுரா. அவர் பின்னாளில் நிண்டெண்டோவிலேயே சேர்ந்து ஃபேமிகாமை உருவாக்கினார். ஒளியை மின்சாரமாக மாற்றும் அந்தச் சின்ன கலத்தை இலக்குப் பலகையில் வைத்தால், துப்பாக்கியில் இருந்து வரும் வெளிச்சம் பட்டதும் இலக்கு விழுந்துவிடும். குண்டும் இல்லை, ஆபத்தும் இல்லை.

இதே யோசனை பின்னாளில் டிவிக்கு வந்தது. 90களின் வாத்து சுடும் கேமை விளையாடியவர்களுக்கு அந்தத் துப்பாக்கி ஞாபகம் இருக்கும். இதில் ஏற்பாடு தலைகீழ். துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போகாது. விசையை அழுத்தியதும் டிவி திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி. பழைய குழாய் டிவியின் வேகத்தை நம்பிச் செய்தது என்பதால்தான் இன்றைய எல்இடி டிவியில் அந்தத் துப்பாக்கி வேலை செய்வதில்லை.

எல்லாமே வெற்றி இல்லை. 1973ல், ஆள் வராமல் கிடந்த பௌலிங் கூடங்களை ஒளித் துப்பாக்கி சுடும் கூடங்களாக மாற்றும் திட்டத்தை நிண்டெண்டோ தொடங்கியது. அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆர்டர்கள் ரத்தாகின. கம்பெனி கடனில் மூழ்கியது.

ரயிலில் பிறந்த யோசனை

70களின் கடைசியில் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்த யோகோய், பக்கத்தில் ஒரு அலுவலக ஊழியர் கால்குலேட்டர் பட்டன்களைச் சும்மா தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் எந்தக் கணக்கும் போடவில்லை. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். விழுப்புரம் - தாம்பரம் ரயிலில் மொபைலை நோண்டிக்கொண்டே போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெரியவர்கள் வெட்கப்படாமல் கைக்குள் மறைத்து வைத்து விளையாடும் அளவில் ஒரு கேம் இருந்தால் என்ன என்று யோகோய்க்குத் தோன்றியது. ஒருநாள் தலைவரின் டிரைவர் வராததால் யமவுச்சியின் காரை இவர் ஓட்ட வேண்டி வந்தது. போகிற வழியில் இந்த யோசனையைச் சொன்னார். யமவுச்சி அன்று சந்தித்தவர்களில் ஷார்ப் நிறுவனத் தலைவரும் ஒருவர். சில நாட்களில் ஷார்ப் அதிகாரிகள் நிண்டெண்டோவுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஜப்பானில் கால்குலேட்டர் விலைப்போட்டி உச்சத்தில் இருந்தது. அதனால் எல்சிடி திரை, சிப், பட்டன் பேட்டரி எல்லாமே மலிவாகிக் கிடந்தன. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணின் துண்டுகள் முன்பே திரையில் பதிந்திருக்கும், தேவையான துண்டு மட்டும் கறுப்பாகும். அதே முறையில் பந்து வீசும் மனிதனின் கைகளையும் பந்துகளையும் முன்கூட்டியே திரையில் பதித்து, ஒவ்வொன்றாகத் தெரியவைத்தார்கள். விளையாடாத நேரத்தில் அது கடிகாரம்.

1980ல் வந்த இந்த கேம் அண்ட் வாட்ச் வரிசை, உலகம் முழுக்க 4 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. நிண்டெண்டோ கடனில் இருந்து மீண்டது.

அந்த பிளஸ் பட்டன்

1982ல் டாங்கி காங் கேமை கையடக்கமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1981ல் ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர் வடிவமைத்து, யோகோய் மேற்பார்வையில் வெளிவந்த ஆர்கேட் கேம் அது. பின்னாளில் மரியோ ஆன பாத்திரம் முதலில் தோன்றியதும் அதில்தான்.

சிக்கல் என்னவென்றால், ஆர்கேட் மெஷினில் நீளமான ஜாய்ஸ்டிக் இருந்தது. இதுவோ ரெண்டு திரையோடு புத்தகம் மாதிரி மூடித் திறக்கும் கருவி. குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் மூட முடியாது, சட்டைப் பையில் போட்டால் உடைந்துவிடும். நாலு திசைக்கும் நாலு தனி பட்டன் வைத்தால், விரல் எந்தப் பட்டனில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். பார்க்கிற நொடியில் ஆட்டம் முடிந்துவிடும்.

யோகோயின் குழு கண்ட தீர்வு, ஒரே துண்டு பிளாஸ்டிக்கில் சிலுவை வடிவம். நடுவில் ஒரு சின்னத் தாங்கி. அடியில் நாலு பக்கமும் ரப்பர் தொடுமுனைகள். ஒரு பக்கத்தை அழுத்தினால் அது இறங்கும், எதிர்ப் பக்கம் தூக்கும், சீசா பலகை மாதிரி. அதனால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுந்தாது. கட்டைவிரலை எடுக்காமலே, கண் திரையில் இருக்க, திசை மாற்றலாம்.

திசைக்கான பட்டன்கள் அதற்கு முன்பும் வேறு கருவிகளில் இருந்தன. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். அடுத்த வருஷமே ஃபேமிகாம் கன்ட்ரோலரில் வந்தது. செகா வட்டமான தட்டை எடுத்தது, சோனி நாலு தனித்தனி முனைகளாகக் காட்டியது. எல்லாவற்றிலும் கட்டைவிரல் செய்யும் வேலை ஒன்றுதான். இந்த பட்டனுக்காக நிண்டெண்டோவுக்குத் தொழில்நுட்பப் பிரிவில் எம்மி விருது கிடைத்தபோது, யோகோய் இறந்து 10 வருஷம் ஆகியிருந்தது.

கலர் இல்லாத கேம் பாய் ஜெயித்தது எப்படி?

1989ல் யோகோயின் பிரிவு கேம் பாயைக் கொண்டுவந்தது. கேசட் மாற்றி மாற்றி விளையாடும் கையடக்கக் கருவி. திரை பச்சை கலந்த சாம்பல் நிறம், நாலே நாலு அழுத்தங்கள். இருட்டில் பார்க்கத் திரைக்கு விளக்கு கிடையாது. அதே காலத்தில் அடாரியின் லிங்க்ஸ், செகாவின் கேம் கியர் ரெண்டும் கலர் திரையோடு வந்தன. படிக்கும்போதே எது ஜெயித்திருக்கும் என்று தோன்றும்.

ஜெயித்தது கேம் பாய். காரணம் விலையும் பேட்டரியும். அமெரிக்காவில் கேம் பாய் 90 டாலர், கேம் கியர் 150 டாலர், லிங்க்ஸ் 180 டாலர். கேம் பாய்க்கு 4 பென் டார்ச் பேட்டரி போட்டால் 15 மணி நேரம் அளவுக்கு ஓடும். போட்டிக் கருவிகள் 6 பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். பேட்டரிக்கு வீட்டில் காசு கேட்டு நிற்கும் பிள்ளைக்கு எது பெரிது என்பது யோகோய்க்குத் தெரிந்திருந்தது.

கூடவே இரண்டு கருவிகளை ஒரு ஒயரால் இணைக்கும் வசதியும் இருந்தது. 1996ல் வந்த போக்கிமான், ஒருவர் பிடித்ததை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் கேமாக ஆனது அந்த ஒயரால்தான். கேம் பாய், அதன் கலர் மாடல் ரெண்டும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன.

ஒரே ஒரு பெரிய சறுக்கல்

1995ல் வந்த வெர்ச்சுவல் பாய், யோகோயின் பெயரைக் கெடுத்த பொருள். மேஜை மீது ஸ்டாண்டில் நிற்கும் பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் முப்பரிமாணக் காட்சி தெரியும். மலிவாகவும் குறைந்த மின்சாரத்திலும் கிடைத்தது சிவப்பு எல்இடி என்பதால், எல்லாமே கறுப்பில் சிவப்பு.

கையில் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது, பக்கத்தில் இருப்பவர் பார்க்கவும் முடியாது. கண் வலி, தலைவலி என்ற புகார்கள் வேற. கம்பெனியின் கவனமும் ஆட்களும் அடுத்து வரவிருந்த நிண்டெண்டோ 64 பக்கம் திரும்பியிருக்க, பக்குவம் ஆகும் முன்பே இது கடைக்கு வந்துவிட்டது. 7 லட்சத்து 70 ஆயிரம் மட்டுமே விற்று, ஒரு வருஷத்துக்குள் நிறுத்தப்பட்டது.

பழகிய பாகம், குறைந்த விலை என்ற அவரது வழியைத்தான் இதிலும் பின்பற்றினார். ஆனால் முந்தைய வெற்றிகளில் பாகத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இருந்தார். ரயிலில் சலித்துப்போனவர் இருந்தார், பேட்டரி வாங்கக் காசு இல்லாத பிள்ளை இருந்தது. சிவப்புப் பெட்டி யாருடைய எந்தத் தேவைக்கு என்பதற்குத் தெளிவான பதில் இல்லை.

1996ல் அளவு சிறுத்த கேம் பாய் பாக்கெட் வெளிவந்தது. அதே ஆகஸ்ட் 15ம் தேதி, 31 வருஷம் வேலை பார்த்த கம்பெனியை விட்டு யோகோய் விலகினார். தோல்விக்குக் கொடுத்த விலை இது என்று பத்திரிகைகள் எழுதின. தனியாகத் தொழில் தொடங்குவது முன்பே இருந்த திட்டம் என்பது அவரது விளக்கம். கியோட்டோவில் கோட்டோ என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார்.

நெடுஞ்சாலையில் முடிந்த வாழ்க்கை

1997 அக்டோபர் 4ம் தேதி, இஷிகாவா மாகாணத்தில் உள்ள விரைவுச் சாலையில் அவர் பயணம் செய்த கார் முன்னால் போன லாரி மீது மோதியது. சின்ன மோதல்தான். சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார் யோகோய். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மீது மோதியது. உயிர் பிழைக்கவில்லை. வயது 56.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் தினமும் வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய தகவல் இது. லேசான உரசல் என்றாலும் நாலு சக்கர வண்டிகள் பறக்கும் பாதையில் நின்று சேதம் பார்ப்பதும், வாக்குவாதம் செய்வதும் முதல் மோதலைவிட ஆபத்து. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

இறந்த பிறகு வந்த கருவி

யோகோய் சாகும்போது கோட்டோ நிறுவனம் ஒரு புதிய கையடக்கக் கருவியில் வேலை செய்துகொண்டிருந்தது. பொம்மை நிறுவனமான பண்டாய் அதை 1999 மார்ச்சில் வொண்டர்ஸ்வான் என்ற பெயரில் வெளியிட்டது. விலை 4,800 யென். பத்து வருஷம் முன்பு கேம் பாய் வந்தபோது அதன் விலை 12,500 யென். திரை மறுபடியும் கறுப்பு வெள்ளை. தேவைப்பட்டது ஒரே ஒரு பென் டார்ச் பேட்டரி. அதில் 30 மணி நேரம் அளவுக்கு ஓடியது.

சர்வதேச கேம் உருவாக்குநர்கள் 2003ல் அவருக்கு வாழ்நாள் சாதனை விருதை, அவர் மறைவுக்குப் பின், வழங்கினார்கள். ஆனால் அவர் பெயர் விளையாடுபவர்களின் கண்ணில் பட்டது அதற்கும் முன்பே. வொண்டர்ஸ்வானோடு வெளிவந்த கேம்களில் ஒன்று, கோடுகளை மேலும் கீழும் நகர்த்திச் சேர்க்கும் ஒரு புதிர் கேம். அவர் நினைவாக அதற்கு வைத்த பெயர், குன்பெய்.